ஒரு வருஷம் தாங்கணும்

“வேர் கறுப்பாவே இருக்கட்டும்க்கா. கீழ போகப் போகப் பொன்னிறமாகிற மாதிரி. ஒரு வருஷத்துக்கு இந்தப் பக்கமே வராம தாங்கணும்” என்றாள் கோர்தானா, சலூன் நாற்காலியில் உட்காரும் முன்பே.

டோப்ரிலாவின் கையிலிருந்த சீப்பு நின்றது.

பன்னிரண்டு வருஷமாக ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை, தவறாமல், வேர் வரை பொன்னிறம் அடித்துக்கொண்டு போகிறவள் இவள். உச்சியில் ஒரு நெல் அளவு கறுப்பு தெரிந்தால் போதும், உடனே போன் வந்துவிடும்.

“என்ன திடீர்னு?”

“வளர்றப்போ கோடு விழக் கூடாது. அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில உள்ள விடுவாங்க. அதுக்குள்ள முடியுமா?”

கோர்தானாவின் புருஷன் ரடோமிர் பெல்கிரேடுக்கு பஸ் ஓட்டியவன். ஒன்றரை மாதமாக ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில் மூக்கில் குழாயோடு கிடக்கிறான். ஈஸ்டரைத் தாண்டுவது கஷ்டம் என்று வால்யேவோ ஊர் முழுக்கப் பேச்சு.

ஒரு வருஷம். டோப்ரிலாவுக்குச் சுருக்கென்றது.

இந்த ஊரில் ஒரு பெண் ஒரு வருஷம் தலையில் சாயம் தொடமாட்டாள் என்றால் அதற்கு ஒரே காரணம்தான். புருஷன் போய், கறுப்பு உடுத்தித் துக்கம் காக்கிற வருஷம் அது. டோப்ரிலாவும் காத்தவள்தான். தலைக்குச் சாயம் போடுவதே தொழில். ஆனாலும் பாதி வெள்ளை, பாதி சிவப்பு என்று ஒரு வருஷம் இதே கடையில் நின்றாள். முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் கண்ணாடியில் தெரிந்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டாள்.

ஆனால் அவள் சாவு வந்த பிறகல்லவா துக்கம் காத்தாள். இவள் என்னடாவென்றால், அவன் மூச்சு விடும்போதே ஏற்பாட்டை முடித்து வைக்கப் பார்க்கிறாள்.

பக்கத்து நாற்காலியில் தலை நிறைய முடி சுருட்டும் சுருளைகளோடு இருந்த தெசாங்காவுக்கும் கணக்கு புரிந்துவிட்டது.

“அந்த ஜன்னலைச் சாத்துங்கடி. ஈரத் தலையில காத்து பட்டா கழுத்து பிடிச்சுக்கும்” என்றவள், எல்லார் காதிலும் விழும்படி முணுமுணுத்தாள். “சிலர் பஸ் வர்றதுக்கு முன்னாடியே சீட்டுல துண்டு போட்டுடறாங்க.”

கோர்தானாதான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து மணி பார்த்தாள்.

“ஒரு இடத்துல உட்காரு” என்றாள் டோப்ரிலா. குரலில் எப்போதும் இருக்கும் ஒட்டுதல் இல்லை.

அவளை வெளியே அனுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் சாயம் கலந்தாள். சீப்பைக் கொஞ்சம் அழுத்தியே இழுத்தாள். கோர்தானா முகம் சுளிக்கவில்லை.

“சர்ச்சுல மெழுகுவத்தி எங்க ஏத்தறே?” என்று கேட்டாள் டோப்ரிலா.

“மேல் தட்டுலதான்க்கா.”

“அது உயிரோட இருக்கறவங்க தட்டு. கீழ்த்தட்டு போனவங்களுக்கு. ஞாபகம் இருக்கட்டும்.”

கோர்தானா கண்ணாடியைப் பார்க்காமல் குனிந்துகொண்டாள்.

சாயம் ஊற முப்பத்தைந்து நிமிஷம். அதற்குள் அவள் நாலு தடவை எழுந்தாள். காப்பி வந்தது, ஒரு வாய் குடித்து வைத்துவிட்டாள். போன் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தாள். தலையைச் சாய்த்து, பூசிய தலையைப் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினாள். பதில் வந்தது. அதைப் படிக்கும்போது அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இன்னொரு படம் எடுத்து அனுப்பினாள்.

தெசாங்கா டோப்ரிலாவைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினாள். டோப்ரிலா தொட்டிக் குழாயை வேகமாகத் திறந்தாள். அங்கே ஒரு மனுஷன் மூச்சுக்குத் திண்டாடுகிறான், இங்கே எவனுக்கோ படம் போகிறது.

“வா, கழுவணும்” என்றாள்.

கோர்தானா தொட்டியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். டோப்ரிலா தலையை அலசிக் குழாயை நிறுத்தவும், மடியில் இருந்த போன் அடித்தது.

“ஈரமா இருக்கேன்க்கா. நீங்களே எடுத்துப் பிடிங்களேன்.”

எடுக்கிறேன், எவனென்றுதான் பார்த்துவிடுவோமே என்று டோப்ரிலா கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். சுருளைகள் குலுங்கத் தெசாங்காவும் எட்டிப் பார்த்தாள்.

திரையில் வெள்ளைத் தலையணை. எலும்பும் தோலுமாக ஒரு முகம், மூக்கில் குழாய்.

“டோப்ரிலாக்காவா? நல்லதாப் போச்சு” என்றான் ரடோமிர். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினான். “வரவே மாட்டேன்னு மூணு நாளா அழுதா. சாப்பிட மாட்டேன்னு நான் அடம் பிடிச்சுத்தான் அனுப்பினேன். நர்ஸ் பொண்ணுதான் இந்த வேரை விட்டுட்டுப் போடற சாயத்தைப் பத்திச் சொல்லுச்சு. உச்சியைக் காட்டுங்க, பாக்கறேன்.”

டோப்ரிலா போனை மெல்லத் தொட்டிப் பக்கம் திருப்பினாள். கோர்தானாவின் மூடிய கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் நெடுநேரம் பார்த்தான்.

“நான் போனப்புறம் ஒரு வருஷம் இவ சாயம் தொடமாட்டா, எனக்குத் தெரியும். ஊருக்குக் காட்ட அந்தக் கறுப்புத் துணி போதும்க்கா. கண்ணாடி பாக்கறப்பவாவது இவ அழகா இருக்கணும்.”