நீல வளையங்கள்

அணு உலைக் குடியிருப்பில் எல்லா வீட்டு வாசல் நிலையிலும் ஒளிக்கண் பதித்திருக்கிறார்கள். உடம்பில் ஒட்டிய கதிரியக்கத் தூசியிலிருந்து பறக்கும் மின்துகளைப் பிடித்து, திரையில் நீல வளையமாகக் காட்டும். ஒன்றிரண்டு எல்லோருக்கும் வரும். ஐந்தைத் தாண்டினால் வண்டி வந்து ஆளை ஏற்றிப்போகும். போனவர்கள் யாரும் இதுவரை திரும்பவில்லை.

உலையில் வேலை முடிந்து வந்த இசக்கியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினான். இரண்டு வளையம்.

மனைவி செண்பகத்துக்குப் போன உயிர் வந்தது. "நல்லா குளிச்சீங்களா?"

"மூணு தடவை. தோல் உரியத் தேய்ச்சாத்தான் வெளியே விடுறாங்க."

"வேணி எங்க?"

"தெருமுனையிலயே வடையைப் பிடுங்கிக்கிட்டா. தின்னுக்கிட்டே வர்றா."

வேலையிடத்தில் டீயோடு தரும் வடையை அவன் தின்னமாட்டான். ஐந்து வயது மகளுக்கென்று எடுத்துவைப்பான்.

"பேப்பர்ல சுத்துனா எண்ணெய் பையெல்லாம் ஊறுதே, இன்னைக்கு எதுல சுத்துனீங்க?"

"பேப்பரே கிடைக்கல. உலைக்குள்ள கழட்டிப் போட்ட கையுறை ஒண்ணு கிடந்துச்சு, அதுக்குள்ள..."

சொல்லி முடிக்குமுன் அவன் முகம் வெளிறியது. திரும்பி வாசலுக்கு ஓடினான். அதற்குள் வேணி, எண்ணெய் விரலை நக்கிக்கொண்டே உள்ளே குதித்துவிட்டாள்.

திரையைப் பார்த்து விரல்விட்டு எண்ணினாள்.

"அப்பா, உனக்கு எத்தனை? எனக்கு ஒன்பது!"