மாமனாருக்கு ஆகாதது

"உங்கள்ல யாருக்காவது ஏதாவது ஒத்துக்காதுன்னு இருக்கா சார்? பால், முட்டை, மீன், வேர்க்கடலை... எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. அதுக்குன்னே தனி வாணலி வெச்சிருக்கோம்."

பரிமாறும் பெண் சீட்டும் பேனாவுமாக நின்றாள். இளைய மாப்பிள்ளை கை கழுவும் இடத்தைத் திரும்பிப் பார்த்தான். மாமனார் இன்னும் வரவில்லை.

"எங்களுக்கா? ரெண்டு பேருமே கல்லைத் தின்னாலும் செரிக்கிற ஆளுங்கம்மா!"

அவள் 'எதுவும் இல்லை' என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். ஜப்பான், சீனா, தாய்லாந்து, இந்தோனேசியா என்று ஆசியா முழுவதையும் ஒரே கூரைக்குக் கீழே சமைக்கிற உணவகம் அது. எந்த நாட்டுச் சாப்பாட்டைக் கேட்டாலும் சரி, அந்தச் சீட்டு உள்ளே போகாமல் அடுப்பு பற்ற வைக்க மாட்டார்கள்.

அவன் தயங்காமல்தான் கையெழுத்துப் போட்டான். ஏன் தயங்க வேண்டும்? மாமனாருக்கு வேர்க்கடலை ஆகாது என்பது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மாமனார். இன்னொருவன் அவன்.

போன மாதம் காரில் போகும்போது அவரே சொன்னதுதான். "ஒரே ஒரு பருப்பு போதும் மாப்பிள்ளை. தொண்டை அடைச்சு, அஞ்சு நிமிஷத்துல ஆள் காலி. என் பொண்ணுங்களுக்குக்கூடத் தெரியாது. தெரிஞ்சா பயந்துடுவாங்க. உங்களை நம்பித்தான் சொல்றேன்."

அன்றைக்கு அவன் நெகிழ்ந்துதான் போனான், பொய் சொல்லக் கூடாது. மூன்று மாப்பிள்ளைகளில் கடைசி ஆளான தன்னிடம் போய் இவ்வளவு பெரிய ரகசியத்தைச் சொல்கிறாரே என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஆனால் இரண்டு வாரம் கழித்து மனுஷன் குண்டைத் தூக்கிப் போட்டார். மூன்று மாப்பிள்ளைகளையும் வரிசையாக உட்கார வைத்து, "நம்ம பூட்டுத் தொழிற்சாலையை அங்க வேலை செய்யற தொழிலாளிங்க பேருக்கே எழுதிடலாம்னு இருக்கேன். மாசக் கடைசி திங்கட்கிழமை கையெழுத்து" என்றார்.

எட்டு வருடமாக அந்தத் தொழிற்சாலையில் மாடாய் உழைக்கிறவனுக்கு எப்படி இருக்கும்? சரி, பதினொரு மணிக்கு வந்து மூன்று மணிக்குக் கிளம்பிவிடுகிற மாடுதான். இருந்தாலும் வயிறு எரியாதா?

திங்கட்கிழமைக்கு முன்னால் மாமனார் கண்ணை மூடிவிட்டால், சொத்து மூன்று பெண்களுக்கும் சமமாகப் போய்விடும். நாளைக்குத்தான் அந்தத் திங்கட்கிழமை. யாராவது கேட்டால், 'அவருக்கு ஆகாதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?' என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதால் போதும். மனைவியிடம்கூட அவன் மூச்சு விடவில்லை. விட்டால் பின்னால் அவளே சாட்சியாகி நிற்பாள்.

மாமனார் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், அவன் ஏற்கெனவே தேடிப் பிடித்துச் சொல்லியிருந்த தட்டும் வந்தது.

"சார், இது இந்தோனேசியாக் கோழி. கம்பியில குத்திச் சுட்டு, மேல ஊத்தியிருக்கிறது வறுத்து அரைச்ச..."

"குச்சி எங்கம்மா, குச்சி?" என்று அவன் அவசரமாகக் குறுக்கே விழுந்தான். "மாமா குச்சியாலதான் சாப்பிடுவார்!"

"நான் எப்ப மாப்பிள்ளை குச்சியால சாப்பிட்டேன்?" என்று மாமனார் வியந்தார்.

"அப்ப சுடுதண்ணி கொண்டு வாம்மா, ஓடு!"

அவள் ஓடினாள். மாமனார் ஒரு துண்டை வேர்க்கடலைச் சாஸில் நன்றாகப் புரட்டி வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார்.

அவன் மேஜைக்குக் கீழே கைபேசியில் மணி பார்த்தான். 'துப்புங்க மாமா' என்று கத்திவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி.

ஐந்து நிமிடம் ஆயிற்று. மாமனார் இன்னொரு தட்டு கேட்டார். பதினைந்தாவது நிமிடத்தில் சாஸ் கிண்ணத்தை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு தடிப்பு இல்லை, ஒரு தும்மல் இல்லை. வேர்த்துக் கொட்டியதெல்லாம் மாப்பிள்ளைக்குத்தான்.

"என்ன மாப்பிள்ளை, வந்ததுலேர்ந்து என் மூஞ்சியையே பார்த்துட்டு இருக்கீங்க?"

"இல்ல மாமா... தொண்டை கிண்டை ஏதாவது பண்ணுதா?"

"ஏன், என்ன பண்ணணும்? வேர்க்கடலைன்னா எனக்கு உசிராச்சே. ஆகாதுன்னு உங்ககிட்ட சும்மா சொல்லி வெச்சேன்."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தொழிற்சாலையை மாப்பிள்ளைங்க கையில விடலாமா, தொழிலாளிங்களுக்குக் கொடுத்துடலாமான்னு ஒரு மாசமா மண்டை காய்ஞ்சுது" என்றார் மாமனார். "இன்னியோட குழப்பம் தீர்ந்துச்சு. நாளைக்குக் கையெழுத்தைப் போட்டுடறேன்."

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. தான்தான் கெட்டோம், மற்ற இரண்டு பங்கையாவது காப்பாற்றினால் பின்னால் அவர்களிடம் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே என்று கடைசியாக ஒரு கணக்குப் போட்டான்.

"நான் பண்ணது தப்புதான் மாமா. கால்ல வேணாலும் விழறேன். ஆனா அதுக்காக மத்த ரெண்டு மாப்பிள்ளைங்களை ஏன் தண்டிக்கிறீங்க? அவங்க பாவம் மாமா, உங்க மேல உசிரையே வெச்சிருக்காங்க!"

மாமனார் சாவகாசமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு இறால் ஆகாதுன்னு மூத்தவர்கிட்டயும், எள்ளு ஆகாதுன்னு நடுவுலவர்கிட்டயும் தனித்தனியா சொல்லி வெச்சிருந்தேன் மாப்பிள்ளை, முந்தாநாள் அவர் வீட்டுல இறால் விருந்து, நேத்து இவர் வீட்டுல எள்ளு விருந்து, இன்னிக்கு உங்க முறை!"