மூன்றாவது லேன் முந்திரிக்கொட்டை

"அக்கா, போன வருஷம் மாதிரி மேடையிலேர்ந்து இறங்கி ஓடிட மாட்டீங்களே?"

மூன்றாவது லேன் பிளம்பர் கேட்டது நீச்சல் குளத்தின் அந்தக் கோடிவரை கேட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. "இந்தத் தடவை இறங்கினா தண்ணியிலதான் இறங்குவேன், தம்பி."

வாய் வீராப்பாகத்தான் சொன்னது. கால் மட்டும் வாசல் பக்கமே திரும்பி நின்றது.

இருநூறு மீட்டர் பட்டர்ஃபிளை என்றால் சும்மாவா? இரண்டு கையையும் ஒன்றாகத் தூக்கி வீசி, எட்டு முறை குளத்தைக் கடக்க வேண்டும். நன்றாக நீந்துகிறவர்களே அந்தப் பெயரைக் கேட்டால் அவசர வேலை இருப்பதாக நழுவிவிடுவார்கள். இந்த வருடமும் பெயர் கொடுத்தது நாலே பேர். அதனால் ஆண், பெண் எல்லாருக்கும் ஒரே போட்டி.

போன வருடம் மேடையேறி நின்றவள், கடைசி நிமிடத்தில் இறங்கி, துண்டைப் போர்த்திக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு ஒரு வருடம், கடை திறப்பதற்கு முன்னால் தினமும் பயிற்சி. நாற்பத்தெட்டு வயதில் இன்றைக்கும் இறங்கினால், இனி இந்தக் குளத்துப் பக்கம் தலைகாட்ட முடியாது. அது அவளுக்கே தெரியும்.

பிளம்பருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. இரண்டு வருடமாக அவன்தான் முதல். மூன்றாவது முறையும் ஜெயித்தால் சுழற்கோப்பை அவனுக்கே சொந்தம். அதற்காக வீட்டு ஷோகேஸில் இடம் ஒதுக்கி, பல்புகூடப் போட்டாயிற்று என்று ஒரு வாரமாக டமாரம் அடித்துக்கொண்டிருந்தான். யார் பேசினாலும் பாதியில் புகுந்து, மீதியை அவனே பேசி முடித்துவிடுவான். அதனால் எல்லாரும் வைத்த பெயர் முந்திரிக்கொட்டை.

"அம்மா, கண்ணாடி எடுத்துக்கிட்டியா?" மகள் போனில் வீடியோ எடுத்தபடியே எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினாள்.

"நெத்தியிலதாண்டி இருக்கு!"

ஊசி கோத்துக் கோத்துக் களைத்த கண். பவர் போட்ட நீச்சல் கண்ணாடி இல்லாவிட்டால் எதிர்ச் சுவர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

விசில். நாலு பேரும் மேடையேறினார்கள்.

"ரெடி!" என்றார் நடுவர்.

குனிந்தாயிற்று. இனி பஸர் அடிக்கும்வரை அசையக் கூடாது. அசைந்தால் ஆட்டம் காலி.

அவளுக்கு எதிர்ச் சுவர் கலங்கலாகத் தெரிந்தது. 'போச்சு, பயத்துல கண்ணே இருட்டுது. இறங்கிடு, இறங்கிடு...'

தொப்!

தண்ணீர் அவள் முகத்தில் வந்து அடித்தது. பஸர் அடிக்கவே இல்லை. பிளம்பர் தண்ணீருக்குள் கிடந்தான்!

"லேன் மூணு, அவுட்! மத்தவங்க கீழே இறங்குங்க. மறுபடியும் ஆரம்பிக்கலாம்."

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. "முந்திரிக்கொட்டை புத்தியைக் காட்டிருச்சுப்பா!" "ஷோகேஸ்ல பல்பை அணைச்சிடு!"

தையல்காரம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த சிரிப்பில் பயம் எப்போது போனது என்றே தெரியவில்லை. முகத்தைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனபோதுதான் தூக்கிவாரிப்போட்டது.

கண்ணாடி இன்னும் நெற்றியிலேயே இருந்தது!

அப்படியே குதித்திருந்தால் கண்ணாடி கழன்று விழுந்து, அதைத் தேடிக் குளத்தின் அடியில் துழாவிக்கொண்டிருந்திருப்பாள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சட்டென்று கீழே இழுத்து மாட்டினாள். எதிர்ச் சுவர் பளிச்சென்று தெரிந்தது. அட, இவ்வளவுதானா தூரம்?

பஸர்!

முதல் நாலு சுற்று எப்படிப் போனதென்றே தெரியவில்லை. ஐந்தாவதில் தோள் கெஞ்சியது. ஆறாவதில் அழுகை வந்தது. ஏழாவதில், மற்ற இருவரும் முடித்துக் கரையேறிவிட்ட பிறகு, குளத்தில் அவள் மட்டும்தான். தலை வெளியே வரும்போதெல்லாம் கூட்டத்தின் கத்தல் காதில் விழுந்தது. எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு குரல்: "விடாதீங்கக்கா! இன்னும் ஒண்ணுதான்! விடாதீங்க!"

எட்டு! இரண்டு கையும் சுவரைத் தொட்டன.

கடைசியாக வந்தவளுக்கு அத்தனை பேரும் எழுந்து கை தட்டினார்கள். மகள் ஓடிவந்து ஈரத்தோடு கட்டிக்கொண்டாள். தையல்காரம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் வாயும் சும்மா இருக்கவில்லை.

"ஏன் தம்பி, என்னை ஓடிடாதீங்கன்னு சொல்லிட்டு நீங்க விழுந்துட்டீங்களே! கோப்பை மேல அவ்வளவு பேராசையா? ஒரு நிமிஷம் பொறுக்க முடியலையா?"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பிளம்பரும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

"என்னக்கா பண்றது, என் சுபாவம் அப்படி" என்றபடி பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

"அம்மா, அவர் விழுந்தது சூப்பரா பதிவாயிருக்கு. பார்த்தா சிரிச்சே செத்துடுவே" என்று மகள் போனை நீட்டினாள்.

"பெரிசு பண்ணிக் காட்டு."

திரையில் நாலு பேரும் குனிந்து நிற்கிறார்கள். பிளம்பரின் தலை மட்டும் மெல்லப் பக்கத்து லேன் பக்கம் திரும்புகிறது. அவள் நெற்றியைப் பார்க்கிறான். பஸர் பொத்தான்மேல் இருக்கும் நடுவரின் விரலைப் பார்க்கிறான். மேஜைமேல் இருந்த கோப்பையையும் ஒரு தடவை பார்க்கிறான்.

அப்புறம், எந்த அவசரமும் இல்லாமல், சாவகாசமாகத் தண்ணீரில் விழுகிறான்.