பென்சிலில் எழுதிய ஆள்

‘என் மனசைப் புரிந்துகொண்டது நீங்கள் ஒருவர்தான்.’

கவியாவின் கையெழுத்தேதான். அதற்குக் கீழே பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில் வேறு யாரோ எழுதியிருந்தார்கள். ‘அழாதே கண்ணு. நான் இருக்கிறேன்.’

கரண்ட் பில் ரசீதைத் தேடி மனைவியின் போனைத் திறந்த வல்லரசு, பிய்த்த இட்லியைத் தட்டிலேயே போட்டுவிட்டான். ஏதோ புத்தகத்தின் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல் கேட்டான். “என்னா கவியா, இப்பல்லாம் மூஞ்சி பளிச்சுன்னு இருக்கு?”

“புக்கு படிக்கிறேங்க. ‘ஒரு மண்டல மகிழ்ச்சி’ன்னு பேரு. நாப்பத்தெட்டு நாளு, நாளுக்கு ஒரு பயிற்சி. ஸ்கூல் வுட்டதும் கிரிவலப் பாதை வாசகசாலையில அரை மணி நேரம் உக்காந்துட்டு வரேன். வீட்டுக்குத் தர மாட்டாங்க, அங்கயேதான் படிக்கணும்.”

“தனியாவா படிக்கிற?”

“பின்ன, மேளதாளத்தோடவா படிப்பாங்க?” கவியா சிரித்தாள். நாலு மாதமாக அவன் பார்க்காத சிரிப்பு.

நாலு மாதத்துக்கு முன் மிக்சி ரிப்பேரானதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் மூண்ட சண்டை. அன்றிலிருந்து இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. எல்லாமே வல்லரசு வழியாகத்தான்.

“வல்லரசு, சட்னியில காரம் ஜாஸ்தின்னு சொல்லு” என்றாள் அம்மா வெள்ளையம்மாள், ஹாலிலிருந்து.

“கம்மியாத்தான் போட்டேன்னு சொல்லுங்க” என்றாள் கவியா, சமையலறையிலிருந்து.

வழக்கமாகத் தபால்காரன் மாதிரி கொண்டுபோய்ச் சேர்ப்பவன், இன்று இரண்டையும் காதில் வாங்காமல் கிளம்பிவிட்டான்.

வேங்கிக்கால் ஆபீசில் எந்த ஃபைலைத் திறந்தாலும் ‘கண்ணு’ என்றே தெரிந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. எவனோ ஒருத்தன் ஒரு துண்டுப் பென்சிலை வைத்துக்கொண்டு கூப்பிட்டுவிட்டான்.

பர்மிஷன் போட்டுவிட்டு, ஐந்து மணிக்கு கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையிலிருக்கும் அந்த வாசகசாலையில் போய் நின்றான். கவியா அதற்குள் கிளம்பிப் போயிருந்தாள். புத்தகம் அலமாரியில் இருந்தது.

ஒவ்வொரு பயிற்சிக்கும் கீழே, படிப்பவர்கள் எழுதிப் பார்க்க அரைப் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். பத்தொன்பதாம் நாள், ‘இன்று ஒருவருக்கு நன்றி சொல்லுங்கள்.’ கவியா எழுதியிருந்தாள். ‘வீட்டில் மனம் விட்டுப் பேச யாருமில்லை. அதனால் முகம் தெரியாத உங்களுக்கே நன்றி.’

யாருமில்லையாமே! அப்போ நான் யாரு? அவனுக்குக் கண் எரிந்தது.

அதற்கடியில் பென்சில் பதில். ‘எனக்கும் அதே கதிதான் கண்ணு. உன்னை மாதிரி ஒருத்தி என் வீட்டில் இருந்தால் எனக்கு வேறென்ன வேண்டும்?’ கையெழுத்து குழந்தை எழுதியது போலக் கோணல்மாணலாக இருந்தது. மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறான், திருட்டுப் பயல்! பக்க ஓரத்தில் திருநீறு படிந்த விரல் ரேகை வேறு. நெற்றியில் பட்டை, நெஞ்சில் இந்தப் புத்தி!

வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் ஆதிமூலத்திடம் குரலை அடக்கிக் கேட்டான். “இந்த புக்க யாருங்க படிக்கிறாங்க?”

“ரெண்டே பேருதான் சார். ஒரு டீச்சரம்மா நாலரைக்கு வருவாங்க. இன்னொருத்தர் ஆறு மணிக்கு, டாண்ணு வந்துடுவாங்க. ரெண்டு பேரும் ஒருநாள்கூட நேருல பாத்துக்கிட்டதில்ல.”

இதுவரை பார்க்கவில்லை. நாளை? நாளை மறுநாள்? போகிற போக்கில் நாற்பத்தெட்டாம் நாள் தன் வீட்டில் கவியா இருப்பாளா என்றே வல்லரசுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. புத்தகத்தைப் பழைய இடத்தில் செருகினான். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான். இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டியதுதான்.

மணி ஆறு. செருப்பைக் கழற்றும் சத்தம். யாரோ நேராக அலமாரிக்கு வந்தார்கள். பேப்பருக்கு மேலே ஒரு கை நீண்டு, சரியாக அந்தப் புத்தகத்தைத் தொட்டது.

வல்லரசு பாய்ந்து அந்தக் கையைப் பிடித்து முறுக்கினான்.

“டேய்... கைய வுடுறா! வளையல் ஒடைஞ்சிடப் போவுது!”

தினமும் சாயங்காலம் கோயிலுக்கென்று கிளம்பி வருகிற அம்மா. நெற்றி நிறையத் திருநீறு. கையில் துண்டுப் பென்சில்.

“நீயா... நீயாம்மா இதுல எழுதுற?” வல்லரசு கையை விட்டான்.

“கத்தாதடா. உன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா, இந்த வயசுல இதுக்கு எழுத்து ஒண்ணுதான் கொறச்சல்னு சிரிப்பா.” வெள்ளையம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆசை ஆசையாகப் பக்கத்தைத் திருப்பினாள். “யாரு பெத்த பொண்ணோ தெரியல. நான் ஒரு வார்த்த எழுதினா, மறுநாளு எனக்குன்னு நாலு வரி எழுதி வச்சிட்டுப் போவுது.”



கவியா எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்த வெள்ளையம்மாள், நீளமாகப் பெருமூச்சு விட்டாள்.

“இப்படி ஒரு மருமவ எனக்கு வாய்க்கலியேடா!”