வியாழன் இரண்டு மணி

"இன்னிக்கு இடமே இல்ல மாஸ்டர். நாளைக்கும் நாளன்னிக்கும் சார் லவுதோகா டவுன்ல இருப்பார். வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு வாங்க."

துணைவேந்தரின் செயலாளர் வாசிதி கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னாள். காதோரம் செம்பருத்தி, முகம் நிறையச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே ஆளைத் திருப்பி அனுப்புவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று அந்தப் பல்கலைக்கழகத்தில் எல்லோருமே சொல்வார்கள்.

அபிசாய் கொண்டுவந்த மனுவை அவள் மேஜையில் வைத்தார்.

டவேயூனி தீவில் பதினொரு வருடமாகப் பள்ளி ஆசிரியர். பட்டம் முடிக்க ஒரே ஒரு தேர்வுதான் பாக்கி. தலைநகர் சுவாவில் அந்தத் தேர்வு நடந்த அன்று புயல். தீவிலிருந்து கப்பலே கிளம்பவில்லை. இனி மறுதேர்வு கொடுக்கத் துணைவேந்தர் ஒருவரால்தான் முடியும். வெள்ளிக்கிழமைக்குள் அவர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் ஜனவரியில் வேலையும் இல்லை.

"மேடம், அஞ்சே நிமிஷம் போதும். பதினெட்டு மணி நேரம் கப்பல்ல வந்திருக்கேன். இன்னும் தரையே ஆடற மாதிரி இருக்கு."

"ஐயோ பாவம், போய் நல்லா தூங்குங்க. வியாழன் ரெண்டு மணி. மறந்துடாதீங்க."

"மறக்கிறதாவது!"

மேஜையில் வைத்த மனுவைத் திரும்ப எடுக்கக் குனிந்தபோதுதான் கம்ப்யூட்டர் திரை அவர் கண்ணில் பட்டது. காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கவுன்சில் கூட்டம். அதற்குப் பிறகு மாலை வரைக்கும் வெறும் வெள்ளை.

"மேடம், இன்னிக்கு மத்தியானம் பூரா காலியாத்தானே இருக்கு? நானே பார்த்தேனே."

வாசிதி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"காலியா தெரியும் மாஸ்டர். ஆனா காலி இல்ல."

இதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்பதற்குள் பின்னால் ஷூ சத்தம் கேட்டது. கல்லூரி டீன் மகராஜ், கையில் ஒரு ஃபைலுடன் வந்து நின்றார்.

"வாசிதி, சார் இருக்காரா? முன்னாடியே நேரம் எல்லாம் வாங்கல. ரெண்டு நிமிஷம்தான்."

"இப்பதான் கூட்டம் முடிஞ்சு வந்து உட்கார்ந்தார். தாராளமா போங்க டீன்."

சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்து போய்க் கதவை வேறு திறந்துவிட்டாள்.

அபிசாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓஹோ! டை கட்டிட்டு வந்தாத்தான் இந்தக் கதவு திறக்குமோ? சொல்லியிருந்தா நானும் ஒண்ணு இரவல் வாங்கிக் கட்டிட்டு வந்திருப்பேனே!"

வாசிதிக்குக் கோபமே வரவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் 'வியாழன், 2 மணி' என்று எழுதி நீட்டினாள். பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியேறினார்.

தங்கியிருந்த வீட்டில் மாமன் மகன் பெனி விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சான், பெரிய ஆபீஸ்ல எல்லாம் வாசல்ல ஏன் நாய் கட்டறதில்லன்னு தெரியுமா? அதான் செக்ரெட்டரி வெச்சிருக்காங்களே!"

அபிசாய்க்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாளும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. லவுதோகாவிலிருந்து துணைவேந்தர் திரும்பி வராவிட்டால்? வந்தும் பார்க்க மறுத்துவிட்டால்? கையெழுத்துக் கிடைக்கிறதோ இல்லையோ, அந்தப் பெண்ணைப் பற்றி அவரிடம் நேருக்கு நேர் சொல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்று முடிவு செய்தார்.

வியாழக்கிழமை சரியாக இரண்டு மணிக்கு வாசிதி அவரை உள்ளே அனுப்பினாள்.

துணைவேந்தர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். எந்தக் கிராமம், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார்.

"கப்பல் வரலன்னா மனுஷன் நீந்தியா வருவான்?" என்றபடி கையெழுத்துப் போட்டார்.

அபிசாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் மூன்று நாள் எரிச்சல் விடவில்லை.

"சார், ஒரு விஷயம். நான் திங்கட்கிழமையே வந்தேன். உங்களுக்கு மத்தியானம் முழுக்க வேலை இல்ல. அப்படியிருந்தும் வாசிதி மேடம் என்னை விடல. எனக்கு அப்புறம் வந்த டீனை மட்டும் கதவைத் திறந்து உள்ள அனுப்பினாங்க."

"திங்கட்கிழமையா?" துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அன்னிக்குக் கவுன்சில்ல என்னை வறுத்து எடுத்துட்டாங்க. 'கேக்கறவங்களுக்கு எல்லாம் விதியை வளைக்கிறீங்க'ன்னு ஒரே பாட்டு. அந்தக் கடுப்புல வந்து உட்கார்ந்தேன், டீன் ஃபைலோட வந்து நின்னார். பிரிச்சுக்கூடப் பார்க்காம முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். அன்னிக்கு யார் வந்திருந்தாலும் அதே பதில்தான்."

அபிசாய் கையெழுத்தான மனுவை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வந்தார்.

வெளியே வாசிதி யாரிடமோ ஃபோனில், "இன்னிக்கு இடமே இல்லங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கும்வரை காத்து நின்றார். அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"மேடம்... தெரிஞ்சேதான் செஞ்சீங்களா? அப்ப டீனை மட்டும் ஏன் உள்ள விட்டீங்க?"

"டீனுக்கு முடியாதுன்னா அவர் அடுத்த வாரம் மறுபடி வந்து கேப்பார். உங்க மனுவை ஒரு தடவை முடியாதுன்னுட்டா, சட்டப்படி ரெண்டாவது தடவை கொடுக்கவே முடியாது மாஸ்டர்."