கவட்டை வரி

"அக்கா, இதுவும் வரிக்குதிரைதானே? எடுத்த வரைக்கும் போதும், கிளம்பலாமே."

நசியேகு ஜீப் ஜன்னலில் கேமராவை ஊன்றிக்கொண்டு, அந்தக் குதிரை திரும்பும்வரை காத்திருந்தாள். ஒவ்வொரு வரிக்குதிரைக்கும் வரி வேறு என்பதால், கணக்கெடுப்புக்கு வலது விலா மட்டும்தான் செல்லும். இடது பக்கத்தை எவ்வளவு அழகாக எடுத்துக்கொண்டு போனாலும் ஆபீசில் தள்ளிவிடுவார்கள். குதிரை திரும்பியது. படம் எடுத்தாள், மடியில் கிடந்த பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"இது இல்ல. வண்டிய எடு."

முத்தெத்தியாவுக்கு எரிச்சலாக வந்தது. தெற்கே மேரு என்ற ஊரிலிருந்து டிரைவர் வேலைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. பத்து நாளும் இதே கூத்து. மற்ற வனக் காவலர்கள் கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்துவிட்டு முகாமுக்குத் திரும்பி டீ குடிக்கிறார்கள். இவளுக்கு மட்டும் ஒரே ஒரு ஆண் குதிரை வேண்டும். அந்தப் பழைய படத்தில் இருக்கிற குதிரை. அதன் வலது தொடைக்கு மேலே ஒரு வரி, கவட்டைக் குச்சிபோல இரண்டாகப் பிரிந்திருக்கும்.

இன்றோடு கணக்கெடுப்பு முடிகிறது. சாயங்காலம் கேமராவையும் ஜீப்பையும் ஒப்படைத்தாக வேண்டும். மாட்டுக் கொள்ளைக் கும்பல்களின் துப்பாக்கிச் சண்டையால் மூன்று வருடமாக ஆற்றுக்கு வடக்கே யாரையும் விடவில்லை. இந்த மாதம்தான் திறந்தார்கள். மறுபடி எப்போது மூடுவார்களோ, யார் கண்டது? இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான்.

"மூணு வருஷத்துக்கு முந்தின படம் அக்கா. சிங்கம் தின்னு ஏப்பம் விட்டிருக்கும்."

"உயிரோட இருந்தா எடம் மாறாது தம்பி. ஆண் குதிரை தன்னோட எல்லைய விட்டு லேசுல போகாது. நின்ன எடத்துலதான் நிக்கும்."

"யார் எடுத்த படம் இது?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவரும் காவலரா? இப்ப எங்க இருக்காரு?"

நசியேகு கேமராவின் கண்ணாடியைத் துடைத்தாள். "இந்தப் பக்கந்தான் எங்கயோ இருக்காரு" என்றாள்.

மூன்று வருடமாக அவள் புருஷன் வீடு திரும்பவில்லை என்று முகாமில் கேள்விப்பட்டிருந்தான்; அந்தப் பேச்சை எடுத்தாலே ஆளாளுக்கு எழுந்து போய்விடுவார்கள். அப்படியென்றால் தான் நினைத்தது சரிதான், ஆள் வேறு எவளோடோ குடித்தனம் நடத்துகிறான் என்று முத்தெத்தியா முடிவு கட்டினான். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"மூணு வருஷமா வீட்டுக்கு வராத மனுஷன விட்டுட்டு, ஒரு குதிரையத் தேடி அலையுறீங்களே."

அவள் கோபப்படவில்லை. "குதிரை கெடச்சாப் போதும்" என்றாள்.

அவள் காலடியில் ஒரு பச்சைக் கிளை கிடந்தது. தினமும் காலையில் ஒன்று ஒடித்துக்கொண்டு வருவாள், சாயங்காலம் எறிந்துவிடுவாள். இப்போது குடிக்கிற தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி அதன்மேல் தெளித்தாள். அவனுக்கோ நாக்கு வறண்டு கிடந்தது. ஈ விரட்டுகிற கிளைக்கு இத்தனை உபசாரமா என்று முணுமுணுத்தான். மெல்லுவதற்கு வைத்திருந்த மிரா இலை தீர்ந்துபோய், அவள் முடிந்து வைத்திருந்த புகையிலையில் ஒரு கிள்ளு கேட்டான். கேட்காமலே சப்பாத்தியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தவள், புகையிலையை மட்டும் தரமாட்டேன் என்றுவிட்டாள்.

வெயில் சாயும்வரை சுற்றினார்கள். அந்தச் சமவெளியில் எல்லா இடமும் ஒன்றுபோலத்தான். முள்மரம், செம்மண் புற்று, தூரத்தில் தட்டையான மலை. எங்கே நிற்கிறோம் என்று அடையாளம் வைக்க ஒன்றும் கிடையாது. இன்னும் எட்டுக் குதிரைகளை எடுத்தாள். எட்டும் வேறு.

"இன்னும் ஒரே ஒரு மேடு தம்பி. அப்புறம் கேக்க மாட்டேன்."

அவள் கெஞ்சி அவன் பார்த்ததில்லை. மனசு கேட்காமல் வண்டியை மேட்டில் ஏற்றினான்.

அந்தப் பக்கம் ஒற்றை ஆண் குதிரை நின்றது, இடது விலாவைக் காட்டிக்கொண்டு. கால் மணி நேரம் அசையவே இல்லை. நசியேகு மூச்சு விடுகிறாளா என்றே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. பிறகு அது வாலைச் சுழற்றிச் சாவகாசமாகத் திரும்பியது. வலது தொடைக்கு மேலே வரி இரண்டாகப் பிரிந்திருந்தது.

"சாதிச்சுட்டீங்க அக்கா!" முத்தெத்தியாவுக்கே கண் கலங்கிவிட்டது.

நசியேகு ஒரே ஒரு படம் எடுத்தாள். கேமராவை அவன் மடியில் வைத்தாள். கிளையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

குதிரையின் பக்கம் அவள் போகவில்லை. பழைய படத்தைக் கைநீட்டிப் பிடித்து, எதிரே இருந்த புற்றையும் மலையையும் அதோடு ஒத்துப்பார்த்தாள். இரண்டு எட்டு இடது பக்கம் நகர்ந்தாள். பின்னால் போனாள், இன்னும் பின்னால் போனாள். படத்தில் உள்ளதுபோலவே மலைக்கு நேர் கீழே புற்று வந்ததும் நின்றாள். சுற்றிலும் புல்லை விலக்கி விலக்கித் தேடினாள். பிறகு மண்டியிட்டாள்.

அவன் ஓடிப்போய்ப் பார்த்தான். அவள் அந்தக் கிளையைப் புல்லுக்குள் வைத்து, அதன்மேல் புகையிலையைத் தூவிவிட்டு, ஒரு கல்லை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கிளைக்கு அடியில், டயரில் வெட்டிய செருப்பும் நைந்த சிவப்புத் துணியும் வெளுத்துப்போன எலும்புகளும் கிடந்தன.

"அவரச் சுட்டவங்க கேமராவைச் சந்தையில வித்துட்டாங்க, அது மட்டுந்தான் திரும்பி வந்துச்சு. அதுல கடைசிப் படம் இந்தக் குதிரை" என்றாள். "எங்க இருக்காருன்னு கேட்டியே தம்பி... இங்கதான் இருக்காரு."