வலியில்லாத கால்

அணியின் பிசியோ எஸ்தர், மரகதத்தின் நல்ல காலுக்குத்தான் கட்டுப் போட்டாள். எதிரணி எப்போதும் கட்டுப் போட்ட காலைத்தான் பிடிக்கும் என்பதால், சாக்ஸுக்கு மேலே, எல்லார் கண்ணிலும் படும்படி வெள்ளை டேப். வீங்கிய இடது கணுக்கால் சாக்ஸுக்குள் ஒளிந்திருந்தது. இது எந்த ஊர் அரையிறுதி என்பதுகூட மரகதத்துக்கு மறந்துவிட்டது.

"பிலோமினா இப்ப அந்த டீம்ல ஆடுறா. அவளுக்கு உன் கால் தெரியுமேடி," என்றாள் எஸ்தர்.

"தெரியும்க்கா. போன வருஷம் பூரா அவதான் ஐஸ் வச்சு விட்டா."

மரகதம் கபடி பாடிக்கொண்டு போனாள். மூலையில் நின்ற பிலோமினா இடது காலைப் பார்த்தாள். பிறகு பாய்ந்து, டேப் சுற்றிய வலது காலைக் கட்டிக்கொண்டாள். இருவரும் மண்ணில் விழுந்தார்கள். நடுக்கோடு ஒரு முழம்தான். இடது காலை ஊன்றி உந்தினால் கை எட்டிவிடும்.

"உந்தாத. செத்த நேரம் படுத்துக்க," என்றாள் பிலோமினா, பிடியை விடாமல்.

"கோட்டைத் தொடுடி!" என்று பின்னால் மொத்த அணியும் கத்தியது.

மரகதம் கன்னத்தை மண்ணில் வைத்தாள். மூச்சு இன்னும் நிறைய இருந்தது. பாட்டை நிறுத்தினாள்.